ஊருக்குப் போன பெட்டியும் ஆறு மாதக் கடனும்

2023 தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது 43 பேருக்குப் பொருள் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் பேசி வைத்திருந்தது 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்). செலவானது 2,660. மீதி 1,660 வெள்ளி என் கடன் அட்டையில் ஏறியது, அது என் கணவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தக் கடனை நான் ஒருத்தியாகச் சுமந்த கதைதான் இது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, கல்யாணமாகி இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது, "அக்கா, முதல் தடவையா தீபாவளிக்கு ஊருக்குப் போறேன், யார் யாருக்கு வாங்கணும்னு தலை சுத்துதுக்கா" என்றாள். பத்து நிமிட டீ நேரத்தில் அவளுக்குப் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. எனக்கு அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் உட்லண்ட்ஸில் நாலறை வீட்டில் இருக்கிறோம். கணவர் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர், நான் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 2019இல் போய் வந்ததுதான், அப்புறம் கோவிட் வந்தது, நான்கு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் ஊரில் ஐந்து கல்யாணம், மூன்று பிரசவம். என் பெரியப்பா இறந்தபோது கைப்பேசியில் வீடியோ போட்டுக் காட்டினார்கள், நான் சமையலறையில் நின்றபடி பார்த்து அழுதுவிட்டு அரை மணி நேரத்தில் வேலைக்குக் கிளம்பினேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் தீபாவளிக்கு நான் வாங்கியது பரிசு இல்லை. நான்கு வருடம் போகாததற்கு அபராதம் கட்டினேன். அப்போது எனக்கு அது புரியவில்லை. எந்த நல்லது கெட்டதுக்கும் போகாமல் வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் ஓடியது.

முதல் தப்பு பட்டியல் போட்ட விதம். எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போது கைப்பேசியில் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். அம்மா, அப்பா, அத்தை, மாமா, நாத்தனார், அவர் பிள்ளைகள், என் தங்கை, அவள் மகன் என்று இருபதில் நின்றது. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் நினைவுக்கு வரும். சின்ன மாமியாருக்கு வாங்கினால் அவர் மருமகளுக்கு வாங்காமல் எப்படி? அவளுக்கு வாங்கினால் பக்கத்து வீட்டிலேயே இருக்கிற ஓரகத்தியின் தங்கை பார்ப்பாளே? இப்படி ஒரு பெயர் இன்னொரு பெயரை இழுத்துக்கொண்டு வந்து 43இல் நின்றது. 1,000 வெள்ளியை 43ஆல் வகுத்தால் ஆளுக்கு 23 வெள்ளிதான் வரும், அதை நான் வகுத்துப் பார்க்கவே இல்லை. தொகையை முதலில் தாளின் மேல் எழுதிவிட்டு அதற்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று பாருங்கள். பெயரிலிருந்து தொடங்கினால் பட்டியலுக்கு முடிவே கிடையாது, நம் சொந்தபந்தம் அப்படிப்பட்டது. அந்தத் தொகைக்குள் பொருள் மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரில் பிள்ளைகள் கையில் திணிக்கிற நூறும் இருநூறும், விமானக் கூடுதல் சுமை, கடைசி நேரத்துச் சாக்லேட், எல்லாமே அதில்தான். நான் இப்போது மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மீதியைத்தான் பங்கு போடுகிறேன்.

இன்னொன்று. இங்கே சம்பள வேலையில் இருக்கிற பலருக்கும் 13ஆம் மாதச் சம்பளம் என்கிற கூடுதல் சம்பளமும் போனசும் டிசம்பரில்தான் வரும். சீனப் புத்தாண்டு அதற்குப் பிறகு வருவதால் என் சீனத் தோழிகளுக்குக் காசு கையில் இருக்கும்போது பண்டிகை வருகிறது. நமக்கோ தீபாவளி அக்டோபர், நவம்பரில் வந்துவிடுகிறது. வருடத்திலேயே கை காய்ந்து கிடக்கிற நேரம் அது. "டிசம்பர்ல போனஸ் வந்ததும் அடைச்சிடலாம்" என்று அட்டையைத் தேய்த்தவள் நான். டிசம்பரில் போனஸ் வந்தது, கூடவே பிள்ளைகளின் புதுப் பள்ளி ஆண்டுச் செலவும் வந்தது.

வாங்கிய கதைக்கு வருகிறேன். முஸ்தபா என்கிற பெரிய கடைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை 640 வெள்ளி, இரண்டாம் தடவை 510, மூன்றாம் தடவை "விட்டுப்போனது மட்டும்" என்று போய் 385. பவுடர், செண்ட், சோப்பு, டார்ச் லைட், சாக்லேட், பாதாம், தைலம். அங்கே உள்ளே நுழைந்தால் ராத்திரியா பகலா தெரியாது, கூடையில் விழுவதும் தெரியாது. பிறகு சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் ஆறு சேலை, 420 வெள்ளி. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சேலையை மறுபடி தமிழ்நாட்டுக்கே கொண்டுபோகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை, தெரு முழுக்கத் தீபாவளி அலங்கார விளக்கு, பாட்டு, கூட்டம், அந்த மயக்கம். கணவரின் அண்ணன் மகன் பன்னிரண்டாவது படிக்கிறான் என்று அவனுக்கு ஒரு கைப்பேசி, 399 வெள்ளி. சுற்றுப்பயணிகளுக்கென்றால் பொருள் சேவை வரி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும், இங்கே வேலை செய்து குடியிருக்கிற நமக்கு அதுவும் கிடையாது. கடைசியில் சாங்கி விமான நிலையத்தில் உள்ளே போன பிறகு "அந்த வாத்தியார் வீட்டை மறந்துட்டோமே" என்று 146 வெள்ளிக்குச் சாக்லேட் பெட்டிகள்.

அதற்கு முன்னால் விமான நிலையத்தில் எடை போட்ட காட்சியைச் சொல்ல வேண்டும். நான்கு பேருக்கு ஆளுக்கு 20 கிலோ, மொத்தம் 80. வீட்டில் உடம்பு எடை பார்க்கிற மெஷினில் வைத்துச் சரியாக இருக்கிறது என்று நம்பிப் போனோம். அங்கே 8 கிலோ கூடுதல் என்றார்கள். வரிசையில் பின்னால் ஐம்பது பேர் பார்க்க, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். எதை எடுப்பது? என் கை முதலில் போனது பிள்ளைகளின் துணிமேல். நாத்தனார் வீட்டுக்கு வாங்கியதைத் தொடவில்லை, ஓரகத்தி வீட்டுக்கு வாங்கியதைத் தொடவில்லை, என் சின்ன மகனின் சட்டைகளையும் அவன் பால்மாவு டின்னையும் எடுத்து வெளியே வைத்தேன். கணவர் பார்த்துவிட்டுப் பேசாமல் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, கிலோவுக்கு 20 வெள்ளி கணக்கில் 160 வெள்ளி கட்டச் சொன்னார். அட்டையை நான்தான் நீட்டினேன். சுமை கூடும் என்று தோன்றினால் முன்னாலேயே இணையத்தில் வாங்கிவிடுங்கள், முகப்பில் கட்டுவதைவிட மலிவு. பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற சின்னத் தராசு ஒன்றை நண்பர்களுக்குள் ஒருவர் வாங்கி வைத்தால் பத்துக் குடும்பத்துக்கு உதவும். வெறும் பெட்டியே நாலைந்து கிலோ இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. சுங்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இருந்த விதிப்படி பெரியவர் ஒருவருக்கு 50,000 ரூபாய் மதிப்பு வரை தீர்வை இல்லை. இந்த வரம்புகள் மாறும், அதனால் டிக்கெட் எடுக்கிற அன்றே இந்தியச் சுங்கத்துறையின் பக்கத்தில் ஒரு தடவை படித்துவிடுங்கள். தங்கம், தொலைக்காட்சிக்கெல்லாம் தனி விதி.

ஊரில் பெட்டி திறப்பது ஒரு சடங்கு. சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் என்றால் கூடத்தில் பாய் விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். நானும் பெருமையாகத்தான் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும்போது யாருடைய கண்ணும் தன் கையில் இல்லை, பக்கத்து ஆள் கையில் இருந்தது. என் அத்தை சேலையின் முந்தானையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம இளம்பிள்ளைல நெய்யிறதுல்ல?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்த சரக்கைப் பார்த்த சந்தோஷத்தில் கேட்டார். எனக்குத்தான் காது சூடானது. கைப்பேசியை அண்ணன் மகன் வாங்கிக்கொண்டதை என் தங்கை பார்த்தாள். அவள் மகனும் பன்னிரண்டாவதுதான் படிக்கிறான். அவனுக்கு நான் ஒரு செண்ட் பாட்டிலும் பேனாவும் வைத்திருந்தேன். தங்கை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே, "வேலை கிடக்குக்கா" என்று கிளம்பிவிட்டாள். நான்கு வருடம் கழித்துப் பார்க்கிற தங்கை, ஒரு நாள்கூடக் கூட இருக்கவில்லை. அந்தக் கைப்பேசியில் நான்காம் மாதமே திரையில் கோடு விழுந்தது. புதுக்கோட்டையில் பழுது பார்க்கிற இடத்தில், வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் எனக்கே போன் வந்தது, "சித்தி, என்ன செய்றது?"

கூடத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். இங்கேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை போட்டு, மேலே பெயர் எழுதி, அந்தந்த வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குள் ஒரே வயதில் இரண்டு பேர் இருந்தால் ஒரே பொருள், இல்லையென்றால் இருவருக்குமே பணம். மின்சாதனம் வாங்கவே வாங்காதீர்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும், உத்தரவாதமும் அங்கேயே இருக்கும். துணியும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் ஊரில் வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்: கோடாலித் தைலம். அதற்கு அடுத்து டைகர் பாம். முழங்கால் வலி இருக்கிற எந்த வீட்டிலும் நம் செண்ட் பாட்டிலைவிட அதற்குத்தான் மதிப்பு. டஜன் கணக்கில் வாங்கினால் விலையும் குறைவு, எடையும் குறைவு. பாட்டில் உடைந்தால் பெட்டி முழுக்க மணக்கும், அதனால் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, தைலப் பைகளை விமானத்தில் சுமையாக அனுப்புகிற பெட்டியில்தான் போட வேண்டும், கைப்பையில் திரவத்துக்கு அளவு உண்டு.

கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்ததுதான் என்னை இன்றைக்கும் உறுத்துவது. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிற அண்ணன் இறங்கி வந்து, "தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா? அப்பா இப்ப நல்லா நடக்குறாரு" என்று விசாரித்துவிட்டு, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அம்மா சொன்னார். போன மார்கழியில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தானாம், விடியும்வரை ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாராம், வண்டிக் காசை எவ்வளவு கொடுத்தும் வாங்கவில்லையாம். 43 பேரில் அவர் இல்லை. பெட்டியில் ஒரு தைலப் பாட்டில்கூட மிச்சம் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "உன்னை யாருடி இம்புட்டு வாங்கியாரச் சொன்னது?" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை, பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது.

திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆறு மாதமும் ஒரே மாதிரிதான். அறிக்கையில் 1,660 வெள்ளி என்று இருந்தது. குறைந்தபட்சம் 50 வெள்ளி கட்டினால் போதும் என்றும் இருந்தது. அந்த 50ஐக் கட்டிவிட்டு அப்பாடா என்று இருந்தேன். கடன் அட்டையின் வட்டி இங்கே வருடத்துக்கு 27 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 1,660க்கு அது மாதம் 37 வெள்ளி. அதாவது 50 கட்டினால் 37 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 13 வெள்ளி. பிப்ரவரியில் மகனுக்குக் காய்ச்சல், தேதி தவறிவிட்டது, அதற்குத் தாமதக் கட்டணம் 100 வெள்ளி. ஜூன் மாதம் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். ஐந்து தவணையில் 250 வெள்ளி கட்டியிருக்கிறேன், பாக்கி 1,735 என்று காட்டியது. வாங்கியதைவிட அதிகம். வெளியே மகள் கதவைத் தட்டி, "அம்மா, எவ்ளோ நேரம்?" என்றாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று இரவே கணவரிடம் சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழும் என்று நினைத்தேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு, "காசு போனாப் போகுது. ஆறு மாசமா என் மூஞ்சியப் பாத்து எப்படிச் சிரிச்ச?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குளிர்சாதனப் பெட்டி மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்து மறுநாளே முழுதாகக் கட்டினார். பழைய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கவாட்டில் தட்டினால் ஓடும். வட்டியும் கட்டணமும் சேர்ந்து 325 வெள்ளி. கையில் பணம் இல்லாதவர்கள் வங்கிக்குப் போன் செய்து, இருக்கும் பாக்கியைத் தவணைத் திட்டமாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், ஒரு தடவைக் கட்டணம் கேட்பார்கள், ஆனால் 27 சதவீதத்துக்கு அது எவ்வளவோ பரவாயில்லை. அட்டைக் கடனை அடைக்க உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம் போகலாம் என்று ஒரு யோசனை எனக்கும் வந்தது. அங்கே மாதத்துக்கு 4 சதவீதம் வரை வட்டி வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். உரிமம் இல்லாதவர்கள் கைப்பேசிக்கு அனுப்புகிற குறுஞ்செய்தியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோவில் போன் போட்டு, மொய் நோட்டை எடுத்துவரச் சொன்னேன். என் கல்யாண நோட்டு, மகள் காதுகுத்து நோட்டு, இரண்டும் பரணில் இருந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதையும் சொன்னார், ஒன்றரை மணி நேரம் ஓடியது. "அறந்தாங்கி அத்தை, ஐயாயிரத்தி ஒண்ணு" என்றபோது நிறுத்தச் சொன்னேன். என் மகள் காதுகுத்துக்கு அவ்வளவு செய்த அத்தை என் 43இல் இல்லை. ஐம்பத்தொன்று எழுதியவர் வீட்டுக்கு நான் ஐந்து பேருக்கு வாங்கியிருந்தேன், அவர் வசதியான வீடு, வாய் நீளம், அதனால். மொய் நோட்டைப் பணக் கணக்காகப் பார்க்கச் சொல்லவில்லை. நமக்காக யார் வந்து நின்றார்கள் என்று நம் மனசு மறந்தாலும் அது மறக்காது, அதற்காகச் சொல்கிறேன்.

பிறகு பழைய பட்டியலைப் பிரதி எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போட்டேன். முறைக்குச் செய்ய வேண்டியது என்றால் மு. பெற்றோர், மாமனார் மாமியார், நாத்தனாருக்குத் தீபாவளிச் சீர், தலை தீபாவளி கொண்டாடுகிற ஜோடி, இப்படி. நன்றிக்கு ந. பாசத்துக்கு ப. எழுதிக்கொண்டே போகும்போதுதான் பயத்துக்கும் அதே ப என்று கவனித்தேன். மு 15, ந 5, ப 23 வந்தது. இந்த 23இல் எது பாசம் எது பயம் என்று பிரிக்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது. ஒரு கேள்விதான் உதவியது: இவருக்கு வாங்கவில்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்குமா, இல்லை இவர் என்ன சொல்வாரோ என்று இருக்குமா? 17 பேர் பயம். அந்த 17 பேருக்குக் கைப்பேசியையும் சேர்த்து 1,085 வெள்ளி செலவழித்திருந்தேன். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் கூடுதல் சுமையும் வந்திருக்காது, கடன் 415 வெள்ளியோடு நின்றிருக்கும், இரண்டு மாதத்தில் அடைத்திருப்பேன். மு என்று எழுதிய பெயர்களில் கை வைக்காதீர்கள், அது பின்னால் பெரிய சண்டையாகும், ஆனால் அளவைக் குறைக்கலாம். ந என்ற பெயர்களை முதலில் வாங்கி முடித்துவிடுங்கள். எப்போதும் கடைசியில் விட்டுப்போவது அவர்கள்தான், ஏனென்றால் அவர்கள் எதுவும் கேட்பதில்லை. ஆள் கணக்கை விட்டு வீட்டுக் கணக்குக்கு மாறியதும் நல்ல வேலை செய்தது. மிஞ்சிய 26 பேரோடு அறந்தாங்கி அத்தையையும் ஆட்டோ அண்ணனையும் சேர்த்தாலும் மொத்தம் 12 வீடுதான்.

2024இல் ஊருக்குப் போகவில்லை. ஜூலையிலிருந்தே மாதம் 180 வெள்ளி வேறு கணக்கில் போட்டேன், அக்டோபர் வரை 720 சேர்ந்தது. இப்போது ஜனவரியிலிருந்தே போடுகிறோம், அதனால் மாதம் 80 போதுமாக இருக்கிறது. கடினமான வேலை பணம் சேர்ப்பது இல்லை, சொல்வதுதான். குடும்பக் குழுவில் பொதுவாக எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன், ஒருவர் கிண்டலாக ஒரு வார்த்தை போட்டால் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். செப்டம்பரிலேயே, அவர்கள் நமக்கு எதுவும் வாங்கும் முன்னால், ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன். நாத்தனாரிடம் சொன்னது இதுதான்: "இந்த வருஷம் சீர் மட்டும் பணமா அனுப்புறோம், பிள்ளைங்களுக்குத் தனியா எதும் இல்லப்பா, போன வருஷம் கைக்கு மீறிப் போயிருச்சு." அவர், "சரி அண்ணி" என்றார். அவ்வளவுதான். நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கப் பேச்சு வீணாயிற்று. காரணத்தை நீட்டினால்தான் கேட்பவருக்குக் கேள்வி வருகிறது. 2023 பிப்ரவரியிலிருந்து கைப்பேசியில் பணம் அனுப்புகிற இங்கத்துப் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்திருக்கிறார்கள், உங்கள் வங்கி அதில் இருந்தால் சின்னத் தொகையைக் கைப்பேசியிலேயே அனுப்பலாம். தங்கை மகனுக்கு அவன் பிறந்தநாளுக்கு அப்படி அனுப்பினேன், தீபாவளிக்கு இல்லை. தங்கை அன்று போன் செய்து ஒரு மணி நேரம் பேசினாள். கைப்பேசி விஷயத்தை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

இங்கே சிங்கப்பூரில் கொடுப்பதற்கு 150 வெள்ளிக்கு மேல் வைப்பதில்லை. அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு போதும். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு நான் ஹலால் முத்திரை போட்ட முறுக்கு டின்தான் கொடுப்பேன், அவர் தயங்காமல் வாங்கிச் சாப்பிட வேண்டும் அல்லவா, நோன்புப் பெருநாளுக்கு அவர் தட்டு வராமல் இருந்ததே இல்லை. பிள்ளைகளுக்கு அங்பாவ், அதாவது உறையில் பணம் வைத்துக் கொடுக்கிற சீனர்களின் பழக்கம் நமக்கும் இங்கே வந்துவிட்டது. நண்பர்கள் நான்கு குடும்பமும் பேசி, ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டோம், எல்லாரும் ஒரே தொகை. சீனர்களுக்கு இரட்டைப்படை ராசி, நமக்கு மொய்யில் ஒன்று கூட்டி எழுதித்தான் பழக்கம், என் மகள் பதினொரு வெள்ளி ஏன் கொடுப்பதில்லை என்று கேட்கிறாள். வேலையிடத்தில் தனித்தனியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஓய்வறை மேசையில் ஒரு பெரிய டின் அதிரசம் வைக்கிறேன். மூன்று மணிக்குள் காலி.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. சின்ன மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பயம் என்று நான் அடித்த 17 பேரில் அவரும் ஒருவர். போன தீபாவளிக்கு ஒன்றும் வரவில்லை என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார், "சிங்கப்பூர்க்காரிக்குக் கை சுருங்கிப்போச்சு" என்றும். கணவருக்கு அது வருத்தம், சின்ன வயதில் அவரை வளர்த்ததில் சித்திக்கும் பங்கு உண்டு. என் பட்டியலில் பயம் என்று எழுதிய பெயர் அவர் பட்டியலில் பாசம் என்று இருக்கிறது, அதை நான் கேட்காமலேயே அடித்துவிட்டேன். இந்தத் தடவை இரண்டு பேரும் தனித்தனியாக எழுத்துப் போட்டுவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஏழு பெயரில் எழுத்து மாறி இருந்தது. நான்கை அவர் விட்டுக்கொடுத்தார், இரண்டை நான் விட்டுக்கொடுத்தேன்.

ஏழாவது சின்ன மாமியார். அவருக்கென்று இரண்டு தைலப் பாட்டில் வாங்கிச் சமையலறை மேல்தட்டில் வைத்திருக்கிறது. பையில் இன்னும் பெயர் எழுதவில்லை.